உள்ளங்கை யுத்தம் – 9: பாதித் திரையில் ஓடிய சோனிக்

சென்ற வாரம் கேம் கியரை ஆறு பேட்டரியோடு நடுவழியில் விட்டுவிட்டு வந்தோம். அங்கிருந்தே தொடங்குவோம்.

1990 அக்டோபரில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த சேகாவின் கேம் கியர், நிண்டெண்டோவின் கேம் பாயை ஓரங்கட்டுவதற்காகவே பிறந்த மெஷின். கேம் பாயில் பாசிப்பச்சைத் திரை, அதில் நாலே நாலு சாயல். வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாது. கேம் கியரிலோ 4,096 வண்ணங்களிலிருந்து எடுத்து ஒரே நேரத்தில் 32 வண்ணங்களைக் காட்டலாம். திரைக்குப் பின்னால் விளக்கு வேறு. அந்த விளக்குதான் பேட்டரிக்கு எமன். ஆறு பேட்டரியும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கேம் பாயில் மாரியோ இருந்தான், கேம் கியரில் அப்படிச் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை என்பதுதான் பெரிய குறை.

1991 ஜூனில் அந்தக் குறை தீர வழி பிறந்தது. டிவியில் இணைத்து விளையாடும் மெகா டிரைவ் மெஷினுக்காக சேகா ஒரு நீல முள்ளெலியை ஓடவிட்டது. நவோட்டோ ஓஷிமா உருவம் வரைந்தார், யூஜி நாகா புரோகிராம் எழுதினார், ஹிரோகாசு யாசுஹாரா நிலைகளை வடிவமைத்தார். சோனிக் ஓடிய ஓட்டத்தில் அமெரிக்கச் சந்தையில் நிண்டெண்டோவின் நாற்காலியே ஆடியது.

இனி அவனைக் கைக்குள் அடக்க வேண்டும். ஆனால் யார் அடக்குவது? பெற்றெடுத்த மூவரில் நாகாவும் யாசுஹாராவும் அமெரிக்கா போய், அங்கே சேகா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட்டில் அடுத்த சோனிக்கில் இறங்கிவிட்டார்கள். கைமெஷின் சோனிக்கை சேகா வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தது.

வேலை போய்ச் சேர்ந்த இடம் ஒரு குடும்பக் கம்பெனி.

* * *

யூஸோ கொஷிரோ அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இசையமைப்பாளர். ‘யீஸ்’, ‘தி ரிவெஞ்ச் ஆஃப் ஷினோபி’ போன்ற ஆட்டங்களின் இசையால் ஜப்பானிய கேம் உலகில் பெயர் வாங்கியிருந்தார். 1990-ல் அவர் தொடங்கிய கம்பெனி ஏன்ஷியன்ட். அம்மா டோமோவும் தங்கை அயானோவும் கூடவே இருந்தார்கள். அயானோ ஓவியர். அண்ணன் மெட்டுப் போட, தங்கை வரைய, சேகாவின் மிக விலையுயர்ந்த நாயகனை இந்தச் சின்ன வீட்டுக் கம்பெனி எட்டு பிட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கேம் கியரின் உள்ளே இருந்தது கிட்டத்தட்ட சேகாவின் பழைய வீட்டு மெஷினான மாஸ்டர் சிஸ்டம்தான். அதே ஸீ80 சிப், ஏறக்குறைய அதே படச் சிப். மாஸ்டர் சிஸ்டம் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஒரு முறை வேலை வாங்கினால் இரண்டு மெஷினுக்கும் கார்ட்ரிட்ஜ் போடலாம். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? இந்தத் தொடரில் இனி வரும் பாதி வில்லங்கம் இந்த இனிப்பிலிருந்து வருவதுதான்.

காரணம், திரை. மாஸ்டர் சிஸ்டத்தின் படம் 256 புள்ளி அகலம், 192 புள்ளி உயரம். கேம் கியரின் திரை 160-க்கு 144. அகலத்தில் 96 புள்ளியும் உயரத்தில் 48 புள்ளியும் காணாமல் போகின்றன. பெருக்கிப் பாருங்கள்: பரப்பில் பாதிகூட மிஞ்சாது. செஸ் ஆட்டமாக இருந்தால் பரவாயில்லை. வேகம் ஒன்றையே மூலதனமாக வைத்திருக்கும் நாயகன், முன்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் ஓட வேண்டும்.

ஏன்ஷியன்ட் இதைப் புரிந்துகொண்டது. மெகா டிரைவ் ஆட்டத்தைச் சுருக்கி அடைக்க அவர்கள் முயலவில்லை. ஆறு ஸோன்களில் மூன்றை மட்டும் பெயரளவில் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்ஜ், ஜங்கிள், ஸ்கை பேஸ் ஆகிய மூன்றும் புதியவை. சோனிக்கின் அடையாளமான அந்தத் தலைகீழ் வளையப் பாதையே இதில் கிடையாது. சோனிக் சேகரிக்க வேண்டிய மரகதங்களைத் தனிச் சிறப்புக் கட்டத்தில் வைக்காமல் நிலைகளுக்குள்ளேயே மூலை முடுக்குகளில் ஒளித்தார்கள். விளைவு என்னவென்றால், ஓடுகிறவன் தானாக வேகத்தைக் குறைக்கிறான். சந்து பொந்துகளில் தேடுகிறான். பாதித் திரையில் அந்த வேகம்தான் தாங்கும். கேம் கியருக்கு மாற்றும்போது சில இடங்களில் நிலைகளின் அமைப்பையும் திருத்தினார்கள்.

பிரிட்ஜ் ஸோனின் மெட்டைக் கேட்காதவர்கள் ஒருமுறை தேடிக் கேளுங்கள். அந்தச் சிப்பில் இருந்தது மூன்று சுருதிக் குரல், ஒரு இரைச்சல் குரல், அவ்வளவுதான். அதற்குள் கொஷிரோ ஒரு முழு ஊர்வலமே நடத்தியிருக்கிறார். முப்பது வருடம் கழித்தும் ரசிகர்கள் அதை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறையே இல்லையா? உண்டு. அடிபட்டுச் சிதறிய வளையங்களை மெகா டிரைவில் ஓடிப்போய்ப் பொறுக்கலாம். இங்கே போனது போனதுதான். ஆனாலும் 1991 கடைசியில் வெளிவந்த இந்தக் கார்ட்ரிட்ஜ், வெளியாள் செய்த சோனிக் எப்படி இருக்கலாம் என்பதற்கு முதல் உதாரணம். என் கணக்கில் கடைசி வரை முறியடிக்கப்படாத உதாரணமும் இதுதான்.

அப்படியானால் இரண்டாவது சோனிக்கையும் ஏன்ஷியன்டிடம்தானே கொடுத்திருக்க வேண்டும்?

கொடுக்கவில்லை.

* * *

1992-ல் ஏன்ஷியன்ட் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2’ வேலையில் இருந்தது. சோனிக் போனது ஆஸ்பெக்ட் என்ற கம்பெனிக்கு. முந்தைய ஆண்டுதான் டோக்கியோவில் தொடங்கியிருந்தார்கள். பெட்டியின் முகப்பில் அவர்கள் பெயர் இருக்காது; சேகாவின் நீல எழுத்து மட்டும்தான். கேம் கியர் சோனிக்கின் கதையில் இனி நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்தப் பெயர் தெரியாத கையிலிருந்துதான் வரப்போகின்றன.

இரண்டாம் சோனிக் ஆசை நிறைந்த ஆட்டம். சுரங்கத்தில் தள்ளுவண்டி, வானத்தில் கிளைடர், தண்ணீருக்கடியில் குமிழிக்குள் மிதப்பது என்று ஸோனுக்கு ஒரு புது விளையாட்டு. கதையிலும் துணிச்சல்: சோனிக்கின் புது நண்பன் டெயில்ஸை வில்லன் ரோபாட்னிக் கடத்திவிடுகிறான், ஆறு மரகதங்களைக் கொடுத்தால்தான் விடுவேன் என்கிறான். 1992 நவம்பரில் வந்த மெகா டிரைவ் இரண்டாம் சோனிக்கில் டெயில்ஸ் கூடவே ஓடி வருவான். இதில் அவனைக் காப்பாற்றுவதே வேலை.

எல்லாம் சரி. முதல் ஸோனின் மூன்றாம் பகுதிக்கு வாருங்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சரிவான தரை. அதன் அடிவாரத்தில், வலது பக்கம், குழிநரிப் பூச்சியின் வடிவில் ஒரு இயந்திரம். மணலில் குழி பறித்து எறும்பு விழக் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. மேலே இடது பக்கத்திலிருந்து இரும்புக் குண்டுகள் துள்ளித் துள்ளி இறங்கும். சோனிக் இரண்டுக்கும் நடுவே. அவன் குழிநரியை அடிக்க முடியாது, தொட்டால் செத்தான். குண்டு தன்மேல் படாமல் விலகிக்கொண்டால், அது கீழே போய்க் குழிநரியைத் தாக்கும். பாஸ் பகுதி என்பதால் காப்பாற்ற ஒரு வளையமும் கிடையாது. ஒரே அடியில் உயிர் போகும்.

இதை மாஸ்டர் சிஸ்டத்தில் விளையாடினால் நல்ல புதிர். குண்டு மேலேயிருந்து வருவது தெரியும். துள்ளலைக் கணித்து, தாண்டவோ அடியில் நுழையவோ நேரம் இருக்கும். கேம் கியரில்? நாலு பக்கமும் படத்தை வெட்டிவிட்டு அதே சரிவு, அதே குண்டு, அதே குழிநரி. குண்டு திரைக்குள் தலைகாட்டும்போது ஏறக்குறைய உங்கள் மூக்கின் மேல் இருக்கும். துள்ளும் உயரமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. பின்வாங்கினால் குழிநரியின் வாய்.

கவனியுங்கள், இது கடைசிப் பாஸ் அல்ல. முதல் ஸோன். மெஷினை வாங்கி, கார்ட்ரிட்ஜைச் செருகி, பத்து நிமிடம் விளையாடிய குழந்தையின் முன்னால் வந்து நிற்கும் சுவர். கேம் கியர் சோனிக் 2 என்றதும் இன்றைக்கும் ரசிகர்கள் முதலில் பேசுவது இந்தக் குழிநரியைத்தான். பாசத்தோடு அல்ல.

ஆஸ்பெக்டுக்குத் திறமை இல்லை என்று இதற்குச் சொல்ல முடியுமா? மாஸ்டர் சிஸ்டத்தில் அவர்களின் கைவேலை தெளிவாகத் தெரிகிறதே! தவறு, ஒரு கூலிக்கு இரண்டு சரக்கு என்ற அந்த இனிப்பான கணக்கில் இருந்தது. பெரிய திரைக்கு அளவெடுத்த சட்டையைச் சின்ன உடம்பில் மாட்டி, கையையும் காலையும் வெட்டிவிட்டார்கள்.

குழிநரியைத் தாண்டியவர்களுக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. நிலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஐந்து மரகதங்களையும் தேடி எடுக்காமல் வெள்ளி உலோகச் சோனிக்கை வீழ்த்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கடைசி ஸோன் திறக்கவே திறக்காது. முடிவுக் காட்சியில் சோனிக் மட்டும் தனியாக ஓடுகிறான். நின்று வானத்தைப் பார்க்கிறான். நட்சத்திரங்களுக்கு நடுவே டெயில்ஸின் முகம்.

டெயில்ஸ் என்ன ஆனான்? ஆட்டம் சொல்லாது.

* * *

1993-ல் வந்த ‘சோனிக் கேயாஸ்’, முந்தையதன் கொடுமைக்குப் பரிகாரம் செய்வதுபோல ரொம்ப எளிதாகப் போய்விட்டது. டெயில்ஸை நாமே ஆட்டலாம், அவன் பறப்பான். ராக்கெட் செருப்பு உண்டு. உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழலாம். மோசமில்லை, நினைவில் நிற்கவும் இல்லை. அடுத்ததற்குப் போவோம்.

1994-ல் ஆஸ்பெக்ட் செய்த ‘சோனிக் டிரிப்பிள் டிரபிள்’ அந்தக் காலத்தில் கேம் கியருக்கு மட்டுமே வந்தது. மாஸ்டர் சிஸ்டத்தை மனத்தில் வைத்து வரைய வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அது முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. பள்ளங்களின் இடம், எதிரிகளின் தூரம், எல்லாம் 160 புள்ளி அகலத்துக்குள் யோசித்தவை. அடிபட்டால் மொத்த வளையமும் போகாது, ஒரு பகுதிதான் போகும். சோனிக்கின் போட்டியாளன் நக்கிள்ஸ் வருகிறான், கூடவே பொக்கிஷ வேட்டைக்காரனாக ஃபாங் என்ற புதிய எதிரியும் அறிமுகமாகிறான். கைமெஷின் ஜாப் ஒர்க்கில் பிறந்த இந்தத் துணை வில்லனை சேகா 2023-ல் ‘சோனிக் சூப்பர்ஸ்டார்ஸ்’ ஆட்டத்துக்கு அழைத்து வந்தது. 2022-ல் ரசிகர்களே இந்த ஆட்டத்தைப் பதினாறு பிட் பாணியில் புதிதாகக் கட்டி இலவசமாக வெளியிட்டார்கள். எலும்பு நன்றாக இல்லாத உடம்புக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இரண்டு வருடத்தில் குழிநரியிலிருந்து டிரிப்பிள் டிரபிள் வரை ஏறிய அதே கம்பெனி, இன்னும் இரண்டு வருடத்தில் எங்கே இறங்கியது என்று பார்க்கும் முன், 1995-ல் நடந்த ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும்.

சோனிக்கின் செருப்பைத் திருடிவிட்டார்கள்.

* * *

விளையாட்டாகச் சொல்லவில்லை. 1995 நவம்பரில் வந்த ‘சோனிக் லாபிரிந்த்’ ஆட்டத்தின் கதையே அதுதான். சோனிக்கின் சிவப்புச் செருப்பை ரோபாட்னிக் மாற்றிவைத்துவிடுகிறான். புதிய செருப்பைப் போட்டுக்கொண்ட சோனிக்கால் ஓட முடியாது, குதிக்க முடியாது. மெதுவாக நடக்கலாம், சுருண்டு உருண்டு பாயலாம். சாய்கோணத்தில் வரைந்த பாதைகளில் சாவி தேடிக் கதவு திறக்க வேண்டும், அதுவும் கடிகாரம் ஓட ஓட. இதைச் செய்தது மினாட்டோ கிகென் என்ற வேறொரு வெளிக் கம்பெனி. வேகத்துக்கென்றே படைத்த நாயகனை நொண்டியாக்கி அதற்கொரு கதையும் கட்டியவர்களின் தைரியத்தைப் பாராட்டலாம். ஆட்டத்தைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

அதே 1995-ல், அதே மெஷினில், ஆஸ்பெக்ட் ‘டெயில்ஸ் அட்வெஞ்சர்’ என்று ஒன்றைக் கொடுத்தது. இதிலும் வேகம் கிடையாது. டெயில்ஸ் ஒரு தீவில் மெதுவாக நடப்பான். கையில் குண்டு, சின்ன ரோபோ, கடலுக்குள் போக நீர்மூழ்கி. ஒரு பயணத்துக்கு நாலு சாமான்தான் எடுத்துக்கொள்ளலாம்; எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். புதுக் கருவி கிடைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால் புதுக் கதவு திறக்கும். வேகமில்லாத ஆட்டத்துக்கு வேகமில்லாத நாயகன். சின்னத் திரையில் குறையாகத் தெரிந்த எல்லாமே இங்கே பொருந்திப்போயின. சோனிக் இல்லாத இந்தச் சோனிக் ஆட்டம்தான் ஆஸ்பெக்டின் கைவண்ணத்தில் எனக்கு முதலிடம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இந்தக் கம்பெனி ஆட்டம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது என்று 1995-ல் ஒருவர் எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

1996 வந்தது.

* * *

சேகாவின் கவனம் அப்போது எங்கேயோ இருந்தது. 1994 கடைசியில் இறக்கிய சாட்டர்ன் மெஷின் சோனியின் பிளேஸ்டேஷனிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தது. நாகாவின் குழு சோனிக்கை விட்டுவிட்டு ‘நைட்ஸ்’ செய்யப் போயிருந்தது. கேம் கியர் சுமார் 1 கோடியே 6 லட்சம் விற்றுவிட்டு மூச்சடங்கும் நிலையில் கிடந்தது. எதிரே கேம் பாய் இதைப்போல் பத்து மடங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கேம் உலகம் முழுக்க ‘டாங்கி காங் கன்ட்ரி’ ஜுரம். பிரிட்டனின் ரேர் கம்பெனி 1994-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்களைச் செதுக்கி, அவற்றைத் தட்டையான படங்களாக்கி நிண்டெண்டோவின் சூப்பர் மெஷினில் ஓடவிட்டிருந்தது. பொம்மைகள் பளபளத்தன. கடைக்காரர் முதல் கம்பெனி முதலாளி வரை எல்லோருக்கும் அந்தப் பளபளப்பு வேண்டும். அந்தப் பளபளப்பைத்தான் ஆஸ்பெக்ட் எட்டு பிட்டில் கொண்டுவரப் பார்த்தது. பெயர் ‘சோனிக் பிளாஸ்ட்’.

கேம் கியரின் படச் சிப் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளைத்தான் வரையும். துண்டு ஒன்றுக்கு எட்டுப் புள்ளி அகலம். ஒன்பதாவது துண்டு அந்தக் கோட்டுக்கு வந்தால் வரையவே மாட்டேன் என்று விட்டுவிடும். சோனிக் சின்னவனாக இருந்தால் மூன்று துண்டில் அடங்குவான்; எதிரிக்கும் வளையத்துக்கும் இடம் மிஞ்சும். முப்பரிமாணப் பொம்மையின் மினுமினுப்புத் தெரிய வேண்டுமென்றால் அவனைப் பெரிதாக்கியாக வேண்டும். பெரிதாக்கினால் கோட்டில் இடம் போச்சு. நகர்வுக்குத் தேவையான படங்களின் எண்ணிக்கையும் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே பாதியான திரையில் நாயகனே இடத்தை அடைத்துக்கொள்வான்.

அப்படித்தான் ஆனது. ‘சோனிக் பிளாஸ்ட்’ ஆட்டத்தில் சோனிக் தடித்துத் தெரிகிறான், தட்டுத்தடுமாறி ஓடுகிறான். முன்னால் பள்ளமா, முள்ளா என்று தெரியும்போது அதில் விழுந்திருப்பீர்கள். நக்கிள்ஸையும் ஆட்டலாம் என்பது ஆறுதல் பரிசு. இதுவும் கேம் கியருக்கென்றே செய்த ஆட்டம்தான், மாஸ்டர் சிஸ்டத்துக்கு பிரேசிலின் டெக்டாய் மறு வருடம்தான் கொண்டுபோனது. ஆகவே வெட்டிய திரை என்ற பழைய சாக்கு இங்கே செல்லாது. டிரிப்பிள் டிரபிள் செய்த கையேதான் இதையும் செய்தது. சின்னத் திரைக்கு யோசித்தபோது ஜெயித்தார்கள். ஊரெல்லாம் ஆடுகிற பளபளப்புக்கு ஆடியபோது தோற்றார்கள். வேலையை வெளியே கொடுத்ததுதான் சோனிக்கைக் கெடுத்தது என்று எளிதாகச் சொல்கிறார்கள். ஏன்ஷியன்டும் வெளியாள்தான். கொடுத்தவன் என்ன கேட்டான், எத்தனை மெஷினுக்குச் சேர்த்துக் கேட்டான் என்பதையும் பார்க்காமல் செய்தவன் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

‘ஜி சோனிக்’ என்ற பெயரில் 1996 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த இதுவே, அங்கே கேம் கியருக்காக சேகா வெளியிட்ட கடைசி ஆட்டம். இங்கே பேசியவை உட்படப் பன்னிரண்டு கேம் கியர் சோனிக் ஆட்டங்கள் 2023-ல் வந்த ‘சோனிக் ஆரிஜின்ஸ் பிளஸ்’ தொகுப்பில் ஒன்றாகக் கிடைக்கின்றன. என் தீர்ப்பு தவறென்று நினைப்பவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். குழிநரியைத் தாண்டிவிட்டு எழுதுங்கள்.

சேகாவுக்கு அதன்பின் கைமெஷின் என்று ஒன்று வாய்க்கவில்லை. 2001 ஜனவரி 31 அன்று டிரீம்காஸ்ட் உற்பத்தியையும் நிறுத்துவதாக அறிவித்து, மெஷின் தொழிலையே மூட்டை கட்டியது. அதே வருடம் டிசம்பரில் சோனிக் நடந்துபோய் நின்ற வாசல், பரம எதிரியான நிண்டெண்டோவுடையது. கேம் பாய் அட்வான்ஸில் அவனை ஓடவைக்கும் ஜாப் ஒர்க்கை எடுத்தது ஒசாகாவின் டிம்ப்ஸ். அதை நிறுவியவர் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தைத் தொடங்கிவைத்த தகாஷி நிஷியாமா. அடிதடி ஆட்டக்காரர்கள் சோனிக்கை என்ன செய்தார்கள்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2006-ல், பதினைந்தாம் பிறந்தநாளுக்கு, முதல் சோனிக்கையே அதே கேம் பாய் அட்வான்ஸில் சேகா இறக்கியது. 7.67 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் பறந்தவன் 16.78 மெகாஹெர்ட்ஸ் மெஷினில் நொண்டினான். இந்த மெஷினால் முடியாது என்று சிலர் சப்பைக்கட்டு கட்டியபோது, ஒரு ரசிகர் தானே புரோகிராம் எழுதி ஓடவைத்துக் காட்டினார். பின்னாளில் சேகா அவரையே வேலைக்கு அழைத்தது. அவர் யார்?

அடுத்த வாரம்.

(தொடரும்)